ஃப்ரிட்ஜ் ஐஸ் மேக்கரில் தண்ணீர் பாதிதான் நிரம்புகிறது. முழு யூனிட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

வைகைக்கரை (எடிசன், நியூ ஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு கதவு உள்ளது, பக்கவாட்டில் ஃப்ரீசர். வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஐஸ் மேக்கர் உள்ளேயே இருக்கிறது, தண்ணீர் பேஸ்மென்ட் குழாயிலிருந்து வருகிறது.

ஜனவரியிலிருந்து ஐஸ் சரியில்லை. முன்பெல்லாம் நல்ல தேங்காய்ப் பத்தை கனத்தில் விழும். பிறகு மெலிந்துகொண்டே வந்து, இப்போது சில்லு மாதிரி இருக்கிறது. சிலவற்றில் நடுவில் பள்ளம், கையில் எடுத்தாலே உடைகிறது. போன வாரத்திலிருந்து அதுவும் இல்லை, பெட்டி காலி.

ஃபில்டரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஃப்ரீசரைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "ஐஸ் மேக்கர் போய்விட்டது, முழு யூனிட்டும் மாற்றணும்" என்று 380 டாலருக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். பின்பக்கம் போய்க்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் மனம் ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மத்தியானம் ஒரு நன்னாரி சர்பத் வேண்டும், அதில் ஐஸ் மிதக்க வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொன்னால் நானே செய்துவிடுவேன்.

---

தென்றல்77 (டாலஸ்)

ஃபில்டர் எந்த வகை போட்டீர்கள் சகோ? விலை குறைந்த மாற்று ஃபில்டர் சில சமயம் முழுசாக உட்காராது. ஃபில்டர் தலையில் ஒரு சின்ன வால்வு உண்டு, ஃபில்டர் சரியாக அழுந்தினால்தான் அது திறக்கும். கழற்றிவிட்டு அதற்கென வரும் பைபாஸ் மூடியைப் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

---

வைகைக்கரை

பைபாஸ் மூடி போட்டுவிட்டேன். அதே கதைதான்.

---

ஸ்பேனர் (டெட்ராய்ட் பக்கம்)

நண்பரே, யூனிட்டை மாற்றாதீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்கவே வேண்டாம்.

கோவை ஐடிஐயில் குளிர்சாதனம் படித்துவிட்டு இங்கே வந்து 18 வருடமாக இதே தொழில்தான். பாதி ஐஸ் என்று கூப்பிட்ட வீடுகளில் ஐஸ் மேக்கரே கெட்டிருந்தது குறைவு. தண்ணீர் வரும் வழியில்தான் பெரும்பாலும் கோளாறு இருந்தது. ஏன் என்று சொல்கிறேன், புரிந்துகொண்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

உங்களுடையது அரைவட்ட ஐஸ் விழும் மாடுலர் வகை. தட்டில் தண்ணீர் உறைந்து சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் உள்ளே ஒரு தெர்மோஸ்டாட், அதாவது வெப்பநிலை பார்த்து இயங்கும் ஸ்விட்ச், சேரும். தட்டுக்கு அடியில் ஹீட்டர் சூடாகி ஐஸை லேசாக இளக்கும். மோட்டார் சுற்றி ஐஸைத் தள்ளிவிடும். அந்தச் சுற்றின் கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கும், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு மின்சாரம் போகும். எவ்வளவு நேரம்? ஏழரை விநாடி. அவ்வளவுதான். அந்த நேரத்தில் 140 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர் காபி அளவு தண்ணீர் வந்து சேர வேண்டும்.

கவனியுங்கள், தட்டு நிரம்பியதா என்று பார்க்க அங்கே எதுவுமே இல்லை. நேரம்தான் கணக்கு. குழாயில் வேகம் இருந்தால் அதே ஏழரை விநாடியில் 140 மில்லி, வேகம் இல்லையென்றால் 40 மில்லி. அது தெரியாமல் ஐஸ் மேக்கர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உங்கள் சில்லு ஐஸ் அப்படி வந்ததுதான்.

நாலு விஷயம் சொல்லுங்கள். கதவில் உள்ள தண்ணீர்க் குழாயில் ஒரு டம்ளர் நிரம்ப எத்தனை விநாடி? ஃப்ரீசர் எத்தனை டிகிரி? ஐஸ் மேக்கருக்குப் பின்னால் மேலிருந்து இறங்கும் வெள்ளைக் குழாயின் வாயில் ஐஸ் அடைத்திருக்கிறதா? பேஸ்மென்ட்டில் எந்த வகை வால்விலிருந்து லைன் எடுத்திருக்கிறது?

---

மழைநாள் (மார்க்கம், டொராண்டோ)

மாடுலர் வகை என்றால் முன்மூடியைக் கழற்றினால் 'வாட்டர் அட்ஜஸ்ட்' என்று ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் தண்ணீர் அதிகமாக விழும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரி செய்தேன். பத்து நிமிட வேலை.

---

ஸ்பேனர்

மழைநாள் அக்கா சொல்லும் திருகு உண்மைதான். ஒரு முழுச் சுற்றுக்கு 40 மில்லி கூடும் அல்லது குறையும். ஆனால் இவர் கதையில் அதைத் தொடக்கூடாது. ஏழு வருடம் அதே திருகில் முழு ஐஸ் வந்திருக்கிறது. திருகு தானாகச் சுற்றிக்கொள்ளாது. இன்றைக்குத் திருப்பி வைத்துவிட்டு நாளைக்கு அடைப்பை எடுத்தால் தட்டு வழிந்து, கீழே பெட்டியில் இருக்கும் ஐஸ் எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியான பிறகும் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் மட்டும், அதுவும் அரைச் சுற்றுக்குள் திருப்பலாம்.

---

மழைநாள்

சரிதான் அண்ணா. எங்களுக்கு ஆறு மாதம் கழித்துப் பெட்டியில் ஐஸ் கட்டி சேர்ந்தது. அது இதனால்தான் என்று இப்போது புரிகிறது. இன்றிரவே பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கிறேன்.

---

வைகைக்கரை

ஸ்பேனர் அண்ணா, பார்த்துவிட்டேன்.

250 மில்லி டம்ளர் நிரம்ப 34 விநாடி. நாங்கள் இத்தனை நாள் அதை ஒரு குறையாக நினைக்கவே இல்லை, பழகிவிட்டோம். ஃப்ரீசர் மைனஸ் 18. வெள்ளைக் குழாயின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். முழுக்க ஐஸ். ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கட்டான் மாதிரி கீழே இறங்கியிருக்கிறது.

பேஸ்மென்ட்டில் செம்புக் குழாய். அதைச் சுற்றிக் கவ்வினாற்போல் ஒரு சின்ன வால்வு, மேலே ஒரு சிறிய கைப்பிடி. அதிலிருந்து கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் மேலே போகிறது.

---

ஸ்பேனர்

அது சாடில் வால்வு. குழாயை வெட்டாமல் மேலே கவ்வவைத்து, உள்ளே இருக்கும் ஊசியைத் திருகித் துளை போடுவது. மாட்டுவது சுலபம் என்பதால் வீடு கட்டும்போது இதைப் போட்டுவிடுவார்கள். ஊசித் துளை என்பதால் கொஞ்சம் உப்புப் படிந்தாலே அடைத்துக்கொள்ளும். பல ஊர்களின் பிளம்பிங் விதி இதை அனுமதிப்பதே இல்லை.

உங்கள் குழாய் உறைந்ததும் தனி நோய் இல்லை. இன்லெட் வால்வு திறப்பது மின்சாரத்தால், இறுக மூடுவது தண்ணீரின் அழுத்தத்தால். பெரும்பாலான ஃப்ரிட்ஜுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கேட்பார்கள். வழியில் அடைப்பு இருந்தால் வால்வு திறந்தவுடன் அழுத்தம் சரிந்துவிடும், மூடும்போது சோம்பலாக மூடும். கடைசி நாலைந்து சொட்டு வேகமில்லாமல் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்கும். மைனஸ் 18-ல் அது அங்கேயே உறையும். தினம் ஒரு மெல்லிய வளையம் சேர்ந்து ஒருநாள் வாயே மூடிவிடும். முதலில் சில்லு, பிறகு ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொன்ன வரிசை இதுதான்.

உறுதி செய்ய ஒரு பக்கெட் சோதனை. சாடில் வால்வை மூடுங்கள், ஃப்ரிட்ஜை இழுத்து பிளக்கைப் பிடுங்குங்கள், பின்னால் இன்லெட் வால்வில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு பக்கெட்டில் விட்டு வால்வைத் திறந்து நேரம் பாருங்கள். நல்ல லைன் என்றால் ஒரு லிட்டர் சுமார் அரை நிமிடத்தில் வந்துவிடும். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தண்ணீர் ஓடாதபோது ஊசித் துளை வழியாகக்கூட முழு அழுத்தம் கேஜுக்கு வந்து சேர்ந்துவிடும். ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

---

கொன்றை (வேளச்சேரி, சென்னை)

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். எங்கள் வீட்டிலும் தண்ணீர் இணைப்புள்ள பெரிய ஃப்ரிட்ஜ், வாங்கி நாலு மாதம்தான். தனி வீடு, தரைத்தளத்தில் சமையலறை, மேலே ஒரு மாடி, அதன் மேல் தொட்டி. முதல் நாளிலிருந்தே ஒருநாள் ஐஸ் வரும், ஒருநாள் வராது, சில நாள் பெட்டிக்குள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாக இருக்கும். இரண்டு முறை வால்வு மாற்றினார்கள். எங்களுக்கு சாடில் வால்வு எதுவும் இல்லை, நல்ல பால் வால்விலிருந்துதான் (உள்ளே உருண்டை சுற்றித் திறக்கும் வகை) லைன். இதற்கு என்ன காரணம் இருக்கும்?

---

ஏரிக்கரை (திருச்சி)

கொன்றை அம்மா, இதற்கு நான் பதில் சொல்கிறேன், நான் கட்டடப் பொறியாளர்.

தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது மட்டுமே. தொட்டி பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.42 பிஎஸ்ஐ. உங்கள் தொட்டியின் நீர்மட்டம் ஃப்ரிட்ஜ் வால்விலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 7 பெருக்கல் 1.42, சுமார் 10 பிஎஸ்ஐ. ஸ்பேனர் ஐயா சொன்ன 20-ல் பாதி. 20 கிடைக்க வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது நாலு மாடிக்கு மேல். அமெரிக்க வீடுகளில் குழாய்த் தண்ணீரே பொதுவாக 40-லிருந்து 80 பிஎஸ்ஐ வரை வரும். இந்த ஐஸ் மேக்கர்கள் அந்த அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

அதனால் நீங்கள் நூறு வால்வு மாற்றினாலும் பயனில்லை. வால்வு திறக்கிறது, தண்ணீர் மெதுவாக வருகிறது, மூடும்போது இறுக மூட அழுத்தம் இல்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் கட்டி சேர்வது அந்தச் சொட்டுதான்.

---

கொன்றை

இதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே! ஃப்ரிட்ஜ் பொருத்த வந்தவர் தொட்டியின் உயரத்தைக் கேட்கவே இல்லை. அப்படியென்றால் ஆர்ஓ மிஷினிலிருந்து லைன் எடுக்கலாமா? அதில் மோட்டார் சத்தம் கேட்கிறதே, அழுத்தம் இருக்காதா?

---

ஏரிக்கரை

இருக்காது. நம் ஊர் ஆர்ஓ மிஷினில் அந்த பம்ப் தண்ணீரை மெம்பரேன் வழியாகத் தள்ளுவதற்கு. வடிகட்டிய தண்ணீர் மேலே உள்ள சின்னத் தொட்டியில் சும்மா சேர்ந்து, குழாயில் தன் எடையால் இறங்குகிறது. அதில் லைன் எடுத்தால் இப்போதைவிட மோசம்.

உங்களுக்குத் தேவை ஒரு சின்ன டயாஃப்ரம் பம்ப், அதோடு பிரஷர் ஸ்விட்ச், ஒரு சிறிய பிரஷர் டேங்க். 40 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் போதும். வேளச்சேரியில் போர் தண்ணீர் கலந்து வருகிறதென்றால் பம்புக்கு முன்னால் ஒரு மண்வடிகட்டி கட்டாயம். இல்லாவிட்டால் வால்வின் வாயில் இருக்கும் சல்லடை கொஞ்ச நாளிலேயே அடைத்துவிடும்.

---

ஸ்பேனர்

ஏரிக்கரை ஐயா, அருமை. இங்கேயும் சிங்க் அடியில் ஆர்ஓ போட்டு அதிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு லைன் எடுத்தவர்கள் வீட்டில் இதே புகார் வரும். இங்குள்ள ஆர்ஓவில் அழுத்தத் தொட்டி உண்டு. ஆனாலும் இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்தாலே அழுத்தம் இறங்கிவிடும், அந்த நேரத்தில் ஐஸ் மேக்கர் தண்ணீர் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

---

வைகைக்கரை

பக்கெட் சோதனை முடிந்தது. ஒரு லிட்டருக்கு 2 நிமிடம் 40 விநாடி. நூல் பிடித்தாற்போல் வந்தது. பேஸ்மென்ட்டில் தோட்டக் குழாயின் வாயில் கேஜ் மாட்டினேன், 58 பிஎஸ்ஐ. வீட்டில் அழுத்தம் இருக்கிறது, ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை. சாடில் வால்வை இடப்பக்கம் முழுசாகத் திருகித் திறந்தும் பார்த்தேன். இரண்டு நிமிடம் 25 விநாடி. பெரிய மாற்றமில்லை.

சனிக்கிழமை அதை வெட்டி எடுத்துவிட்டு 'டீ' எனும் மூன்று வாய்க் குழாய் இணைப்பு போடப்போகிறேன். அதற்கு முன் உறைந்த குழாயை எப்படி இளக்குவது? ஹேர் டிரையர் போதுமா?

---

தென்றல்77

ஹேர் டிரையர் வேண்டாம் சகோ. நான் பிடித்துக்கொண்டே இருந்ததில் ஃப்ரீசரின் உள்சுவர் பிளாஸ்டிக் உருகி அலைபோல் வளைந்துவிட்டது. இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

---

ஸ்பேனர்

தூரத்தில் வைத்து, குறைந்த சூட்டில், ஆட்டிக்கொண்டே காட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் வெந்நீர் நல்லது. பிளக்கைப் பிடுங்குங்கள். ஐஸ் மேக்கரின் மேலே இரண்டு திருகைத் தளர்த்தி, கீழே ஒன்றைக் கழற்றினால் மேல்நோக்கித் தூக்கி எடுக்கலாம், வயர் சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, கீழே ஒரு துண்டு. குழாய் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்தால் தண்ணீர் சுவருக்குள் போகும்.

---

மழைநாள்

ஐஸ் மேக்கரை உடனே ஓடவிட்டுப் பார்க்க, முன்மூடியில் 'டி', 'ஹெச்' என்று எழுதிய இரண்டு துளைக்கும் ஒரு வயரைச் செருகலாம் என்று படித்தேன். செய்யலாமா?

---

ஸ்பேனர்

செய்யலாம், ஆனால் அங்கே 120 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனை தவிர முழுதும் உறை உள்ள வயரை இரண்டு துளையிலும் செருகி, பிறகு பிளக் போட்டு, தள்ளும் விரல்கள் நகர ஆரம்பித்ததும் மறுபடி பிளக்கைப் பிடுங்கி வயரை எடுத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அந்தத் துளைக்கு அருகே கை போகக்கூடாது. பக்கத்துத் துளையில் தவறிச் செருகினாலும் ஆபத்து. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை விட்டுவிட்டுக் காத்திருக்கலாம், நேரம் ஆனால் அது தானே சுற்றும். புது மாடல்கள் பலவற்றில் இந்தத் துளையே கிடையாது, ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் போதும்.

---

வைகைக்கரை

முடிந்தது. நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

வெள்ளி இரவு குழாயை இளக்கினேன். பாப்பாவுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சு சின்னது என்பதால் நாற்பது தடவை பீய்ச்ச வேண்டியிருந்தது. திடீரென்று 'ளொக்' என்று ஒரு சத்தம், சுண்டுவிரல் கனத்தில் ஒரு ஐஸ் குச்சி வழுக்கிக்கொண்டு துண்டில் விழுந்தது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மரத்தை அறுத்தால் தெரியுமே, அதுபோல வட்டம் வட்டமாக அடுக்கு. தினம் ஒரு வளையம் என்று அண்ணா சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

பழைய லைனிலேயே ஒரு சோதனை செய்தேன். ஒரு சுற்று ஓடவிட்டு, தண்ணீர் விழுந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தட்டைக் கழற்றி அளவு டம்ளரில் ஊற்றினேன். 45 மில்லி.

சனிக்கிழமை காலை வீட்டின் மெயின் வால்வை மூடி, கீழே உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, சாடில் வால்வு இருந்த இடத்தை வெட்டி எடுத்தேன். அந்தத் துண்டு செம்பை நெடுக்காகவும் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஊசி போட்ட ஓட்டை குண்டூசித் தலை அளவுகூட இல்லை, அதைச் சுற்றிலும் பச்சைக் களிம்பும் வெள்ளை உப்பும் கடினமாக ஏறியிருந்தன. எங்கள் பாட்டி புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் செம்புக் குடத்தின் கழுத்தில் இருக்குமே, அதே களிம்பு. ஏழு வருடமாக இந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது.

அழுத்திச் செருகும் டீயும், கால் சுற்றில் திறக்கும் பால் வால்வும் போட்டேன். குழாய் முனையின் பிசிறை நன்றாகத் தேய்த்து எடுத்தேன், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மொத்தம் 31 டாலர். மெயினைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

பக்கெட்டில் ஒரு லிட்டர் 27 விநாடி. அதன்பிறகு தட்டில் விழுந்த தண்ணீர் 135 மில்லி. திருகைத் தொடவே இல்லை.

---

ஸ்பேனர்

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இன்னும் ஒரே ஒரு வேலை. இன்லெட் வால்வு ஏழு வருடப் பழையது, இத்தனை நாள் சரியாக மூடாமல் இருந்ததால் உள்ளே உப்பு உட்கார்ந்திருக்கலாம். இரவு ஐஸ் மேக்கரின் கம்பியைத் தூக்கி நிறுத்திவிட்டு (அது மேலே இருந்தால் புதுச் சுற்று தொடங்காது), வெள்ளைக் குழாய்க்குக் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அதில் ஐஸ் பொட்டு இருந்தால் மின்சாரம் இல்லாமலே வால்வு சொட்டுகிறது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். சுத்தமாக இருந்தால் விட்டுவிடலாம். பிறகு, லைனில் வேலை செய்ததால் முதல் மூன்று ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள், உபயோகிக்க வேண்டாம். முழுசாக ஐஸ் சேர ஒரு நாள் ஆகும்.

---

வைகைக்கரை

இரண்டு இரவு வைத்துப் பார்த்தேன் அண்ணா. காகிதம் சுத்தம், ஒரு பொட்டுகூட இல்லை. மூன்று ஈடு கொட்டியாகிவிட்டது. இன்று மத்தியானம் அப்பாவின் சர்பத்தில் நாலு துண்டு போட்டோம். பழைய கனம் வந்துவிட்டது. 380 டாலர் எஸ்டிமேட் காகிதத்தின் பின்பக்கத்தில் அப்பா இந்த அளவையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எடிசன் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்.

---

கொன்றை

பம்ப் வைத்தாயிற்று. கேஜில் 38 காட்டுகிறது. இன்றைக்கு நாலாவது நாள், பெட்டியில் ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கிறது. ஏரிக்கரை ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம், பம்ப் ஓடும்போது சுவரில் 'டக்' என்று அடிக்கிறதே?

---

ஏரிக்கரை

வால்வு சட்டென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் முட்டிக்கொள்ளும் சத்தம் அது. குழாய் சுவரோடு கிளிப் போட்டு இறுகியிருக்கிறதா பாருங்கள். பிரஷர் டேங்க் பம்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்திருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

---

கொன்றை

முன்னால்தான் வைத்திருக்கிறார்கள். நாளைக்கே பிளம்பரை வரச்சொல்கிறேன்.